நீங்கள் பாதுகாப்பாக உலாவுகிறீர்கள்

ஜூன் 2, திங்கள்

கம்ப்யூட்டர் கடையிலிருந்து திரும்பி வந்தது. கடைக்காரர் ரோஸ்லின் அம்மா அதில் ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் இலவசம், பிடித்திருந்தால் தொடரலாம் என்றார். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர். வாயில் நுழையவில்லை. நான் 'செக்கர்' என்று வைத்துக்கொண்டேன். காலமெல்லாம் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவன் வீட்டில் ஒரு செக்கர் இருப்பது பொருத்தம்தான்.

இதன் விசேஷம், உள்ளே தனியாக ஒரு பாதுகாப்பு உலாவி இருக்கிறது. அதைத் திறந்தால் திரையைச் சுற்றிப் பச்சையாக ஒரு கட்டம் வருகிறது. மேலே தமிழில், 'நீங்கள் இப்போது பாதுகாப்பாக உலாவுகிறீர்கள்' என்று எழுத்து. படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். போக்குவரத்துக் கழகத்தில் இருந்தவரை என்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

நாகமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெங்காயம் உரித்த கையோடு வந்து பார்த்தாள்.

"பார்டர் நல்லாத்தானுங்க இருக்குது. உடம்புதான் வெறும் வெள்ளையா இருக்குது" என்றாள்.

இவளுக்கு எதைப் பார்த்தாலும் சேலைதான்.

ஜூன் 5, வியாழன்

இன்று முதல் இந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் பச்சைக் கட்டத்துக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கரண்ட் நிறுத்தும் நேரம், பஞ்சாங்கம், சமையல் குறிப்பு எல்லாமே. பச்சைக்குள் வைத்துப் பார்த்தால் சாம்பார் வேறு மாதிரி வருமா என்று நாகமணி கேட்டாள். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நமக்குத்தான் மரியாதைக் குறைவு.

மழை வரும் என்று கட்டத்துக்குள் போட்டிருந்தது. நம்பிக் குடை எடுத்துப்போனேன். சொட்டுகூட விழவில்லை. ஆனாலும் பாதுகாப்பாகத்தான் நனையாமல் வந்தேன்.

மூட்டுவலிக்கு நாகமணி புதுத் தைலம் ஒன்று தேய்த்துவிட்டாள். யாரோ தெரிந்தவர்கள் கொடுத்தார்களாம். புட்டியில் அரபி எழுத்து. அற்புதமான தைலம். குளத்தங்கரையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடந்தேன்.

ஜூன் 9, திங்கள்

வாக்கிங்கில் பத்ரசாமியோடு வாக்குவாதம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயரானவன். உலகத்தில் ஒயர் உள்ள எல்லாமே தனக்குத் தெரியும் என்று நினைப்பு. கட்டம் வெறும் கலர், பெயிண்டுக்குக் காவல் காக்கத் தெரியாது என்கிறான்.

"ஏப்பா நாச்சிமுத்து, பஸ்ஸுக்கு உள்ள இருக்கறவனுக்குத்தான் செக்கர். மேல கூரையில உக்காந்து வர்றவன என்ன பண்ணுவே?"

"கூரையில ஏறுனா வண்டிய நிறுத்தி எறக்குவேன்."

"அவன் அங்க இருக்கறதே உனக்குத் தெரியாதேப்பா" என்றான்.

எனக்குத் தெரியாமல் என் வண்டியில் ஒருவனும் வந்ததில்லை. அதைச் சொல்லிவிட்டு வேகமாக நடந்து அவனை முந்தி வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பத்ரசாமிக்கு ஆதாரம் காட்டுவதற்காகச் சோதனை செய்தேன். கட்டத்துக்குள் பஞ்சாங்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். படம் முழுக்கக் கருப்பு. ராகு காலம் எமகண்டம் எதுவுமே தெரியவில்லை. கள்ளன் வந்தாலும் இதே கருப்பைத்தான் பார்ப்பான். மனசு நிறைந்துவிட்டது.

நாகமணியையும் கூப்பிட்டேன். அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்து மானிட்டரை ஒரு போட்டோ எடுத்தாள். ராகு காலம் தெளிவாக விழுந்தது.

இதை பத்ரசாமியிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 11, புதன்

ரோஸ்லின் அம்மா கடைக்கே போய் நேரடியாகக் கேட்டேன். இந்தக் கட்டத்தால் உண்மையிலேயே பாதுகாப்பு உண்டா, இல்லையா. அந்த அம்மா விற்கிற பொருளைப் பற்றியும் பொய் சொல்லாது. கொஞ்சம் உண்டு என்றது. வேறு உலாவியில் ஒட்டிக்கொண்டிருக்கிற கண்ட கண்ட துணை நிரல் எதுவும் இதற்குள் ஏறாதாம். நாம் தட்டுகிற எழுத்தை ஒட்டுக்கேட்பது கஷ்டமாம். போலித் தளம் என்று தெரிந்தால் தடுக்குமாம். ஆனால் இதில் பாதி வேலையைச் சாதாரண உலாவியே இப்போது செய்துவிடுகிறதாம்.

"கட்டத்துக்கு உள்ள நடக்கறதுக்குத்தான் சார் கட்டம் பொறுப்பு. வெளிய ஒருத்தர் வேற உலாவியில உக்காந்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களே கதவத் திறந்து விட்டாலும் தெரியாது."

எங்கள் வீட்டில் வெளியே உட்காருகிறவர் யாரும் இல்லை என்றேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் தூசி தட்டுகிற பொருள்.

ஜூன் 16, திங்கள்

செக்கர் முதல் அறிக்கை கொடுத்தது.

'பச்சைப் பகுதிக்கு வெளியே: தினமும் மாலை கேமரா இயக்கப்பட்டது.' நேரம் போட்டிருக்கிறது. நான் வாக்கிங் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆரம்பம், திரும்பி வருவதற்குச் சற்று முன் முடிவு. ஒரு நாள் பாக்கியில்லை.

நான் வெளியே போகிற நேரம் பார்த்து எவனோ என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறான். என் நடமாட்டம் அவனுக்கு அத்துப்படி. சாதாரண ஆள் இல்லை. நாகமணியிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துப்போனது. பாவம், பயந்துவிட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

கேமராக் கண்ணின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டினேன். வரட்டும் பார்க்கலாம்.

ஜூன் 18, புதன்

பிளாஸ்திரியைக் காணோம். நாகமணியின் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. பீன்ஸ் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாளாம், அவசரத்துக்கு வேறு கிடைக்கவில்லையாம். இன்று சமைத்தது கீரை.

ஜூன் 19, வியாழன்

பணியில் இருந்தபோது பழகிய முறைப்படி யோசித்தேன். டிக்கெட் எடுக்காமல் வித்தவுட்டில் வருகிறவனை முகத்தைப் பார்த்துப் பிடிக்க முடியாது, சுற்றி இருப்பதைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் கவனித்தவை: மாலை ஆனால் நாகமணி தலை சீவிப் பூ வைத்துக்கொள்கிறாள். "உலாவிட்டு வாங்க, நேரமாச்சு" என்று விரட்டுகிறாள். தூறல் போட்டால் எனக்கு முன்னால் அவள் வானத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறாள்.

மேகலாவைப் பற்றிய பேச்சு இந்த வீட்டில் கிடையாது. இந்த நாட்குறிப்பிலும் கிடையாது. விசாரணைக்குத் தேவை என்பதால் மட்டும் எழுதுகிறேன். என் ஒரே மகள். ஜெயசீலன் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டு மஸ்கட்டில் இருக்கிறாள், அங்கே பள்ளிக்கூட டீச்சர். சாதி, படிப்பு, குடும்பம் எதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பையன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அவனும் வந்து சோபாவில் உட்கார்ந்து காபி டம்ளரைக் கையில் எடுத்தான். நான் உள்ளே நுழைந்தேன். என்னைக் கண்டதும் டம்ளரோடு விறைப்பாக எழுந்து நின்றான். அந்த நிற்கிற தோரணையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காலேஜ் படிக்கும்போது உக்கடம் வண்டியில் நானே கையும் களவுமாகப் பிடித்த வித்தவுட். அன்றைக்கும் இதே மாதிரிதான் எழுந்து நின்றான்.

செக்கர் வீட்டு மாப்பிள்ளை வித்தவுட் என்று டெப்போவில் எத்தனை பேர் சிரிப்பார்கள். நான் உட்கார் என்று சொல்லவில்லை. அவன் காபி ஆறுகிறவரை நின்றுவிட்டு அப்படியே போனான். கொஞ்ச நாளில் மேகலாவும் போனாள். இரண்டு வருஷமாகிறது. அவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டர் விசாரணைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நாளைக்குத் திடீர் சோதனை.

ஜூன் 20, வெள்ளி

வழக்கம்போல ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரை போய், கோயில் சந்து வழியாகத் திரும்பி, பின்பக்கக் கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றேன். அங்கிருந்து ஜன்னல் வழியாக ஹால் தெரியும்.

நாகமணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டம் இல்லை. சாதாரண உலாவி. நான் அவளுக்கு அதைத் திறக்கச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பேச்சு சரியாகக் காதில் விழவில்லை. விழுந்தது இவ்வளவுதான்:

"அம்மா, அப்பா செருப்பு போட்டுட்டுப் போறாரா, ஷூவா? மூட்டுக்கு ஷூதான் நல்லது."

"ஷூதான் கண்ணு. இப்பத்திக்குக் கம்ப்யூட்டருக்குப் பச்சை பார்டர் கட்டி உட்டுருக்கறாரு. யாரோ கள்ளன் பார்க்கறானாம். கேமராவுக்குப் பிளாஸ்திரி வேற."

ஒரே சிரிப்பு. மேகலா சிரித்தால் கடைசியில் ஒரு விக்கல் வரும். இப்போதும் வருகிறது. பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "அத்தை, மாமாவுக்குத் தைலம் அனுப்பினோமே, தேய்க்கறாருங்களா? கேக்குதுங்களா?" என்றது.

தேய்க்கிறார், ஒரு முழுச் சுற்று நடக்கிறார் என்று நாகமணி சொன்னாள்.

வண்டியை நிறுத்தி இறக்க வேண்டிய இடம் அதுதான். ஏனோ உள்ளே ஏறவில்லை. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். பத்ரசாமி குளத்தங்கரையில் ஏன் தாமதம் என்று கேட்டான். வண்டி லேட் என்றேன். நான் நடந்து போனவன்.

ஜூன் 21, சனி

சோதனை முடிந்தது. வெளியாள் யாரும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

டாக்டர் நடக்கச் சொன்னதைவிடக் கூடுதலாக நடப்பது நல்லது என்று முடிவு செய்து நேரத்தைக் கூட்டியிருக்கிறேன். பத்ரசாமியால் ஈடு கொடுக்க முடியவில்லை, வீட்டுக்குப் போய்விடுகிறான். எனக்கும் இரண்டாவது சுற்று முடிவதில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன். பழைய கண்டக்டர் ஒருவர் என்னைப் பார்த்து விசில் ஊத மறந்து வணக்கம் வைத்தார். வண்டியில் இருந்த நாலைந்து பேர் காரணம் புரியாமலே பாக்கெட்டைத் துழாவி டிக்கெட்டைத் தேடினார்கள். பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு அங்கே விடுமுறை. பேச்சு நீளும். அதனால் இன்று மூன்று வண்டி கூடுதலாகப் போகவிட்டு எழுந்தேன்.

தைலம் தீரப்போகிறது. இன்னொரு புட்டி வேண்டும் என்று நாகமணியிடம் சொன்னேன். யாரிடம் கேட்பாயோ கேள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

செக்கர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. நிறையக் கேள்வி கேட்டது. பாதுகாப்பு வேண்டுமா, கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா, முழுப் பாதுகாப்பு வேண்டுமா. வேண்டாம் என்று யார் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ஆம் கொடுத்தேன்.

ஜூலை 16, புதன்

நாகமணி இரண்டு நாளாகப் பூ வைக்கவில்லை. ரசத்தில் உப்பில்லை. சொன்னேன். உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். இப்போது உப்பு மட்டும்தான் இருந்தது. வாக்கிங் கிளம்பினால் "போறதுன்னா போங்க" என்கிறாள். திரும்பி வந்தபோது விளக்குக்கூடப் போடாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். செக்கர் பெருமையாக ஒரு பட்டியை நீட்டியது. 'வாழ்த்துகள். பச்சைப் பகுதிக்கு வெளியே கேமராவும் ஒலிவாங்கியும் முழுமையாகத் தடுக்கப்பட்டன. உங்கள் வீட்டை இனி யாரும் பார்க்க முடியாது.'

நான்தான் ஆம் கொடுத்தேன். மூன்று ஆம்.

அவளால் என்னிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் எதற்கு என்று நான் கேட்பேன். கேட்காமல் இருக்க எனக்கும் தெரியாது. தைலம் தேய்த்துக்கொள்ளவில்லை.

ஜூலை 17, வியாழன்

கடை திறக்கும் முன்பே போய் ஷட்டர் முன்னால் நின்றேன். பாதுகாப்பைக் குறைப்பது எப்படி என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியோடு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று ரோஸ்லின் அம்மா சொன்னது. எதற்கு என்று கேட்டபோது, ஆராய்ச்சி என்றேன். அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மொத்தமாக அணைக்க வேண்டாம், வீடியோ பேசுகிற அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும் என்று வழி சொல்லிக்கொடுத்தது. வீடியோ என்று நான் சொல்லவேயில்லை.

நாகமணி பால் வாங்கப் போன நேரத்தில் செய்தேன். செக்கர் சிவப்பு எழுத்தில் கேட்டது. தமிழ் எழுதியவன் யாரோ, நல்லா இருக்கட்டும்.

'இந்த விருந்தாளியை உள்ளே அனுமதிக்கவா?'

கீழே மூன்று பொத்தான். அனுமதிக்காதே. இந்த ஒரு முறை மட்டும். எப்போதும்.

எனக்கு வயசு அறுபத்து மூன்று. சட்டையில் வியர்வை. பால்காரர் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவதை அமுக்கினேன்.

ஜூலை 18, வெள்ளி

வாக்கிங் கிளம்புகிற நேரத்தில், இன்று கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வீடே மணந்தது. வாழைக்காய் பஜ்ஜி. நாகமணி தலையில் முல்லை. ஆறு பஜ்ஜி சாப்பிட்டேன். ஏழாவதை அவளாகவே வைத்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இலவசக் காலம் முடிந்தது. கட்டத்தைக் காணோம். 'நீங்கள் இப்போது பாதுகாப்பாக இல்லை' என்று போட்டுவிட்டுச் செக்கர் படுத்துவிட்டது. மூன்று மாதம் சேர்ந்து இருந்தவனிடம் இப்படியா பேசுவது.

தொடரலாமா என்று ரோஸ்லின் அம்மாவிடம் கேட்டேன். கம்ப்யூட்டரிலேயே ஏற்கெனவே ஒரு காவல் இருக்கிறது, உலாவியை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டு, தெரியாதவர் அனுப்புவதை அமுக்காமல் இருந்தால் உங்களுக்குப் போதும் என்று சொல்லிவிட்டது. சரிதான். ஆனாலும் வெறும் மானிட்டரைப் பார்க்க மனசுக்கு என்னவோ போல இருக்கிறது. பஞ்சாங்கத்தைத் திறந்தேன். ராகு காலத்தையே நம்ப முடியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

தூங்கி எழுந்து ஹாலுக்கு வந்தால் மானிட்டரைச் சுற்றிப் பச்சைக் கட்டம். கம்ப்யூட்டர் போடவேயில்லை. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். ஜரிகை. நாகமணி பழைய பட்டுச் சேலையின் பார்டரை வெட்டி, நாலு பக்கமும் பசை தடவி ஒட்டியிருக்கிறாள். மூலைகளை மடித்து ஊசி போட்டிருக்கிறாள்.

"நீங்க நேத்துப் பூரா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்க. பார்க்கச் சகிக்கலீங்க."

இது பாதுகாப்பு இல்லை என்று விளக்கினேன். அந்தப் பழைய கட்டமும் இல்லைதானே என்றாள். அந்தச் சேலையை எனக்குத் தெரியும். மேகலாவுக்குப் பெண் பார்க்க வந்தபோது இவள் கட்டியிருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

நாலு மணியிலிருந்தே மழை. சாதாரண மழையில்லை, எதிர்வீடு தெரியவில்லை. ஐந்து அடித்தது. நாகமணி வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். போகவா என்று நான் ஷூவை எடுத்தேன். இந்த மழையில் போய் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று பிடுங்கி வைத்துவிட்டாள். பிறகு மாடியில் துணி காயப்போட்டது ஞாபகம் வந்து ஓடினாள்.

நான் பச்சைக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் மணி அடித்தது. நடுத்திரையில் 'மேகலா அழைக்கிறார்' என்று வந்தது. செக்கர் இருந்தால் ஏதாவது கேட்டிருக்கும். இன்றைக்குக் கேட்க யாரும் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாகமணி வருவாளா என்று பார்த்தேன். மாடியில் மழைச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. அமுக்கினேன்.

"அம்மா, அங்க மழையா?" என்றபடி தலையைத் துவட்டிக்கொண்டு மேகலா வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

அவளுக்குப் பின்னால் சோபாவில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யாரென்று எட்டிப் பார்த்தான். பார்த்ததும் சோற்றுத் தட்டோடு விறைப்பாக எழுந்து நின்றான். உக்கடம் வண்டியில் நின்ற மாதிரி. இதே ஹாலில் டம்ளரோடு நின்ற மாதிரி. தட்டிலிருந்து அப்பளம் நழுவிக் கீழே விழுந்தது. அதையும் அவன் குனிந்து எடுக்கவில்லை.

எதிரே ஒருவன் இப்படி நிற்கும்போது என் வாயில் தானாக வருகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான், டிக்கெட். பணிக்காலம் முழுக்க அதைத்தான் கேட்டிருக்கிறேன். தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். வேறு வார்த்தை தேடக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் நாகமணி ஈரத்துணிகளோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"சாப்பாட்டுல எந்திரிக்கக் கூடாது. உக்காருங்க, மாப்பிள்ளை" என்றேன்.

அவர் உட்கார்ந்தார்.